‘ஆள் வருது’: திருவையாற்றுப் பந்தலில் இடம் பிடிப்பது குறித்து ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

தியாகராஜ ஆராதனைக்கு வருடா வருடம் திருவையாறு வந்து, பந்தல் தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ரசிகர்கள் நாங்கள். எங்களுக்குச் சங்கம் கிடையாது; தலைவர், செயலாளர் கிடையாது. கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி, அரியலூர், சென்னை என்று ஆளுக்கொரு ஊர். ஆராதனை நாளான பஞ்சமியன்று காலையில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தே பழகியவர்கள். பல வருடமாக மனத்துக்குள் வைத்துப் புழுங்கிய ஒன்றை இப்போது எழுத்தில் வைக்கிறோம். விழா நடத்துகிறவர்களுக்கும், பாட வருகிற வித்வான்களுக்கும், பந்தலில் நிற்கும் தொண்டர்களுக்கும் இதில் கோரிக்கை உண்டு. பெரும்பங்கு எங்களைப் போலக் கேட்க வருகிறவர்களுக்குத்தான்.

விஷயம் இதுதான்: இன்னும் ஊருக்கே வந்து சேராத ஆளுக்காகத் துணி விரித்து இடம் பிடிக்கும் பழக்கம் கைமீறிப் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பஞ்சமியன்று விடிகாலை. மணி ஐந்தரை இருக்கும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கபிஸ்தலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஓர் அம்மாள் வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்க், அட்டை கிழிந்து ஒட்டுப் போட்ட பாட்டுப் புத்தகம். பந்தலின் முன்பக்கத்தில் மனிதர்கள் அதிகம் இல்லை. ஆனாலும் தரை தெரியவில்லை. ஜமக்காளம், போர்வை, லாட்ஜ் அறையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துண்டு, பிளாஸ்டிக் பாய், விரித்த செய்தித்தாள். மூலைக்கு மூலை செங்கல், தண்ணீர் பாட்டில், செருப்பு. ஒரு நீள ஜமக்காளத்தின் நடுவில் ஒரே ஒரு பையன் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, ஓரமா ஒரு ஆள் உக்காந்துக்கட்டுமா?”

“இல்ல பாட்டி, ஆள் வருது.”

“எத்தனை பேருப்பா?”

“பதினோரு பேரு. தஞ்சாவூர் லாட்ஜ்ல இருக்காங்க. குளிச்சிட்டு வந்துருவாங்க.”

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த விரிப்புக்குப் போய்க் கேட்டார். அங்கும் ஆள் வருது. அதற்கடுத்ததில் கேட்பதற்கு மனிதரே இல்லை. துணி மட்டும்தான் கிடந்தது. கடைசியில் ஒரு பந்தக்காலுக்குப் பின்னால், கயிறு கட்டிய மூலையில் காலை மடக்கி உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மூங்கிலும் முன்னால் இருப்பவர் முதுகும்தான் தெரியும்.

ஒன்பது மணி சுமாருக்குப் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஆரம்பித்தன. நாட்டை முடிந்து கௌளை பாதியில் இருக்கும்போது லாட்ஜ் கோஷ்டி வந்து சேர்ந்தது. ஏழு பேர். உட்கார்ந்திருந்தவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, தாளம் போடுகிற கைகளைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். மிச்சம் நான்கு பேர் வரவே இல்லை. அந்த நான்கு ஆள் இடமும் ஸ்ரீராகம் முடிகிறவரை ஜமக்காளமாகவே கிடந்தது. பந்தக்காலுக்குப் பின்னால் அந்த அம்மாள், ஒன்றையும் பார்க்க முடியாமல், தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஐந்து கீர்த்தனைகளையும் வாய்க்குள் பாடி முடித்தார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஸீட் பிடிக்கும் ஊரில் பந்தலில் மட்டும் என்ன புது நியாயம் என்று கேட்கலாம். திருவையாறு அப்படிப்பட்ட இடம் இல்லை என்பதால்தான் கேட்கிறோம்.

1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சித்தியடைந்தார். அந்தத் திதியில்தான் காவிரிக் கரையில் அவர் சமாதிக்கு எதிரே நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவருடைய ஐந்து கன ராகப் பஞ்சரத்னக் கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாடுகிறவருக்குச் சன்மானம் இல்லை. கேட்கிறவருக்கு டிக்கெட் இல்லை. சென்னையில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுத்துக் கேட்க வேண்டிய குரலும், முதல்முறையாக ஊர் தாண்டி வந்த பாட்டு வாத்தியார் குரலும் ஒரே பந்தலுக்குள் ஒரே சுருதியில் சேர்கின்றன. டிக்கெட் இல்லாத இடத்தில், முந்தி வந்த கால்தான் டிக்கெட். அந்த அம்மாளிடம் அது இருந்தது. அதை ஒரு ஜமக்காளம் செல்லாததாக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இங்கே யாருக்கு இடம்’ என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சமாதி பராமரிப்பின்றிக் கிடந்த காலத்தில் தன் நகைகளை விற்று, நிலத்தை வாங்கி, கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பிறகு குடமுழுக்கும் நடந்தது. அவர் காசில் எழும்பிய சன்னிதியில் அவர் பாட முடியவில்லை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விழா நடத்திய ஆண்கள் பெண்களைப் பாட விடவில்லை. அவர் ஒதுங்கிப் போகவில்லை. சமாதியின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டி வைத்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றான பிறகே பெண்களுக்கும் உரிய இடம் கிடைத்தது. 1952இல் அவர் மறைந்தார். அவருடைய சமாதியும் அங்கேயே தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்துவிட்ட இடத்தை நாம் லாட்ஜ் துண்டால் அடைக்கிறோம்.

எல்லா இடம் பிடிப்பும் தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. அது பொய்யாகிவிடும். எங்களில் பலர் கிராமத்தில் தெருக்கூத்துக்குப் பாய் போட்டு வளர்ந்தவர்கள். கூத்து அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். அம்மா சமையலை முடித்து, தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பிறகுதான் வருவாள். அந்தப் பாயில் ஒரு நியாயம் இருந்தது. பாய் ஒரு வீட்டுக்கு ஒன்று. யாருக்காக விரித்தோமோ அவர் அதே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருந்தார். கட்டியக்காரன் வெளியே வந்த பிறகும் பாதிப் பாய் காலியாகக் கிடந்தால், பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே வந்து உட்காருவாள். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எண்ணிக்கை, தூரம், கெடு. மூன்றும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தன. திருவையாற்றில் இந்த மூன்றையும் தொலைத்துவிட்டோம்.

இதை எழுதுகிற நானும் தொலைத்தவன்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு நான்கு நண்பர்களுக்காக ஒரு வேட்டியை விரித்து வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் “ஆள் வருது” என்றேன். அவர்கள் வந்த ரயில் தாமதம். பஞ்சரத்னம் முடிகிறவரை வரவில்லை. நான் அந்த வேட்டியைச் சுருட்டவும் இல்லை. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று இன்றைக்கு எண்ணிச் சொல்ல முடியாது. கைக்குழந்தையோடு வந்து கேட்ட ஒரு பெண்ணின் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே, எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. வந்து போனவருக்கு இடம் வைக்கலாம். வரப்போகிறவருக்கு வைக்கக் கூடாது. பந்தலுக்குள் வந்து, உட்கார்ந்து, பிறகு காவிரிக்குப் போனவர், கழிப்பறைக்குப் போனவர், காபிக்கு எழுந்தவர், மாத்திரை போட்டுக்கொள்ள இரண்டு இட்லி தேடிப் போனவர், இவர்கள் எல்லோரும் வந்து போனவர்கள். அவர்களுடைய துண்டு கிடந்தால் அது அவர்களே இருப்பதற்குச் சமம். பஞ்சமியன்று காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து புறப்படும் உஞ்சவிருத்தி பஜனையோடு நடந்து வருகிறவர்களையும் இதில் சேர்க்கிறோம். விடிவதற்கு முன்பே பந்தலில் துண்டைப் போட்டுவிட்டு உஞ்சவிருத்திக்குப் போகிறவர் விழாவை விட்டுப் போகவில்லை; விழாவுக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறார். அவர் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது.

லாட்ஜில் தூங்குகிறவர், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறவர், “தஞ்சாவூர் தாண்டிட்டோம்” என்று போனில் சொல்கிறவர், இவர்கள் வரப்போகிறவர்கள். தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் 13 கிலோமீட்டர்தான். ஆராதனையன்று அந்த 13 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் வந்த பிறகு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரட்டும். நண்பர்கள் பிரிந்து உட்கார்ந்தால் பாட்டு குறைந்துவிடாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு: ஒருவர் ஒருவருக்கு. தனியாக முந்தி வந்தவர் தன் பக்கத்தில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் வைத்துக்கொள்ளட்டும். மனைவியோ, வயதான அப்பாவோ, கூட வந்த சிநேகிதியோ, வண்டியை நிறுத்தப் போன அண்ணனோ. தனியாக வரும் பெண்களுக்குப் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆறு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் மூன்று பேர் முன்னால் வரட்டும். பதினோரு பேருக்கு ஒரு பையன் என்ற கணக்கு இனி வேண்டாம். அந்தப் பையனுக்கும் அது அநியாயம். பனியில் ஒண்டியாக உட்கார்ந்து, வருகிற பாட்டிகளையெல்லாம் விரட்டுகிற வேலையை அவன் தலையில் கட்டுகிறோம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில், மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணை விவசாயி 1970இல் தன் பண்ணையில் தொடங்கிய கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு இப்போது சுமார் 2 லட்சம் பேர் வருகிறார்கள். அங்கே வயல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். புதன்கிழமை வாசல் திறக்கும். பெரிய மேடைகளில் பாட்டு வெள்ளிக்கிழமைதான். புதன்கிழமை முந்திப் போனவர், வெள்ளிக்கிழமை வரப்போகிற நண்பர்களுக்காகக் காலிக் கூடாரங்களை அடித்து மண்ணை வளைத்துப் போடுவதும், பின்னால் தோள்மூட்டையோடு நடந்து வருகிறவர் இடம் கேட்டுக் கேட்டு மேட்டின் கடைசிக்குப் போய்ச் சேருவதும் அங்கேயும் நடக்கிறது. ஆனால் அங்கே வருகிற ஒவ்வொருவரும் முன்பே டிக்கெட் வாங்கியவர்; ஏதோ ஒரு மூலையில் அவருக்குக் கூடாரம் அடிக்க மண் உண்டு. நம் பந்தலில் அந்த உத்தரவாதமும் கிடையாது. இடம் போனால் போனதுதான்.

இரண்டாவது கோரிக்கை கெடுவைப் பற்றியது. பஞ்சரத்னத்துக்கு முன்னால் நாகஸ்வரம் வாசிக்கிறார்கள். பிறகு புல்லாங்குழல் வித்வான்கள் பைரவியில் ‘சேதுலாரா’ வாசிக்கிறார்கள். அந்தப் புல்லாங்குழல்தான் கெடு. குழல் கேட்டதும் ஆள் இல்லாத இடம் எல்லாம் பொது இடம். துண்டுக்கு உரியவர் அதற்குப் பிறகு வந்தால் துண்டை வாங்கிக்கொள்ளலாம், இடத்தைக் கேட்கக் கூடாது. இதை ஒலிபெருக்கியில் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று விழா நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். “புல்லாங்குழல் ஆரம்பமாகிறது, காலியாக உள்ள இடங்களில் அமரலாம்” என்று ஒரே வரி போதும். அந்த ஒரு வரி, ரசிகருக்கும் ரசிகருக்கும் நடக்கிற நூறு வாய்ச்சண்டையை நிறுத்தும்.

விழாவின் மற்ற நாட்களின் கதை வேறு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பஞ்சமியை விட அங்கேதான் எங்களுக்கு மனம் வலிக்கிறது. காலையிலிருந்து இரவு வரை ஒருவர் மாற்றி ஒருவர் பாடுகிறார்கள். ஒருவருக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த இருபது நிமிடத்துக்காக ஓர் இளம் பாடகி திருநெல்வேலியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து வருவாள். மேடைக்குப் பின்னால் வயலின்காரரோடு சுருதி சேர்த்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மேடையேறி, கண்ணை மூடி, ஒரு கீர்த்தனையை எடுத்து, பல்லவி முடிந்து கண் திறந்து பார்த்தால் எதிரே முதல் ஐந்தாறு வரிசையில் துணிகள். சாயங்காலம் பாடப் போகிற பெரிய வித்வானுக்காக மதியமே விரித்த துணிகள். மனிதர்கள் அதற்குப் பின்னால், தூரத்தில். ஒரு கலைஞரைத் துணியைப் பார்த்துப் பாட வைப்பதை விடப் பெரிய அவமரியாதை எங்களுக்குத் தெரியவில்லை. நாளைக்கு இவளும் பெரிய வித்வானாகலாம். ஆகாமலும் போகலாம். அந்த இருபது நிமிடம் அவளுடையது.

ஆகவே பஞ்சமி தவிர்த்த நாட்களில் அரை மணி நேரம் கெடு வைக்கிறோம். ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்குகிற நேரம் அது. அரை மணிக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் துண்டு இடத்துக்கு உரிமை கோர முடியாது. பெரிய வித்வானை முன்னால் இருந்து கேட்க ஆசைப்படுகிறவர் மதியத்திலிருந்தே முன்னால் உட்கார்ந்து சின்னவர்களையும் கேட்கட்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் பின்னால் இருந்து கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, நடைபாதை. இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. 1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எங்களிலும் இருக்கிறார்கள். பந்தலுக்குள் நடக்க விட்ட வழியில் பாய் விரிப்பதும், பை வைப்பதும், மடக்கு நாற்காலி போடுவதும் இடம் பிடிக்கும் ஆசையில் நடக்கிற மிகப் பெரிய பிழை. வழியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். கோட்டுக்குள் கிடக்கும் எதையும் தொண்டர்கள் உடனே எடுக்கட்டும். அதற்குக் கெடுவும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். துண்டு எங்களுடையதாக இருந்தாலும் எடுங்கள்.

நான்காவது, நடக்க முடியாதவர்களுக்கான இடம். முன்பக்கத்தில், மேடையும் பாடுகிறவர் வரிசையும் தெரிகிற மாதிரி ஒரு பகுதியைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும். தரையில் உட்கார முடியாத முதியவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், கைக்குழந்தைக்காரி, பார்வையற்ற ரசிகர், இவர்களும் இவர்களோடு வரும் ஒரு துணையாளும் அங்கே உட்காரலாம். விடிகாலை நாலு மணிக்கு வந்து துண்டு போட அவர்களால் முடியாது. அந்த இயலாமையைக் காட்டித்தான் பல குடும்பங்கள் பத்து ஆள் இடத்தை வளைக்கின்றன. “பெரியவங்க வர்றாங்க” என்பார்கள், வந்து பார்த்தால் ஒரு பெரியவரும் ஒன்பது இளந்தாரிகளும் இருப்பார்கள். அந்தப் பெரியவருக்கு முறையான இடம் கிடைத்துவிட்டால் மற்ற ஒன்பது பேருக்குச் சாக்கு இல்லை. இந்தப் பகுதிக்குச் சிபாரிசுச் சீட்டு எதுவும் செல்லாது என்று எழுதி வைக்க வேண்டும்.

சிபாரிசுச் சீட்டு என்று சொன்னதால் ஐந்தாவதும் வந்துவிட்டது. முக்கியப் பிரமுகர்களுக்கு ஒதுக்கும் இடம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதை முந்தின நாளே பந்தல் வாசலில் எழுதிப் போடுங்கள். அளவு தெரிந்தால் நாங்கள் மதிப்போம். கயிறு நிமிடத்துக்கு நிமிடம் பின்னால் நகர்ந்து வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறாவது கோரிக்கை வித்வான்களுக்கு. எங்கள் மரியாதைக்குரிய உங்களிடம் இதைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பாடுகிற வரிசையிலும் துண்டு விழுகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் பஞ்சரத்னத்தை நேரடியாக ஒலி, ஒளி பரப்புகின்றன. கேமரா படுகிற முன்வரிசையில் சீடருக்காக, சீடரின் நண்பருக்காக, பாடத் தெரியாமல் வாயை மட்டும் அசைக்கிற ஒருவருக்காக இடம் வைக்கப்படும்போது, ஐந்து கீர்த்தனைகளும் தலைகீழ்ப் பாடமாக உள்ள ஒரு மூத்த பாட்டு வாத்தியார் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறார். ஐந்தையும் முழுதாகப் பாடத் தெரிந்தவரே அந்த வரிசைகளில் உட்கார வேண்டும். அவர்களுக்குள்ளும் முந்தி வந்தவர் முன்னால். நீங்கள் இதைக் கடைப்பிடித்தால் எங்கள் பக்கத்து ஜமக்காளங்கள் தானாகச் சுருங்கும். நாங்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம்.

ஏழாவது, துணியின் மரியாதையும் பேச்சின் மரியாதையும். கெடு தாண்டிய துண்டை எடுக்கலாம் என்பதால் அதைக் காலால் ஒதுக்கவோ, தூக்கி எறியவோ, அதன் மேல் மிதித்து உட்காரவோ யாருக்கும் உரிமை இல்லை. அது யாரோ ஒருவர் வீட்டுத் துண்டு. மடித்துப் பக்கத்தில் வையுங்கள், அல்லது தொண்டரிடம் கொடுங்கள். தொண்டர்களாக நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளை அதட்டாதீர்கள். அந்தப் பிள்ளைகளும் “எந்திரிங்க, எந்திரிங்க” என்று கையை வீசாமல், “அம்மா, இந்த இடத்துக்கு உரியவங்க வந்துட்டுப் போனாங்களா?” என்று கேட்கப் பழகட்டும். வந்துட்டுப் போனாங்களா, இனிமேத்தான் வரணுமா என்ற ஒரே கேள்விக்கு வருகிற பதிலில் வழக்கு முடிந்துவிடும். பெரும்பாலும் மனிதர்கள் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வதில்லை. சொல்கிறவர் சொல்லட்டும்; அடுத்த வருடம் அவருக்கே கூச்சம் வரும்.

திருவையாற்றோடு இது நிற்க வேண்டாம். மார்கழியில் சென்னை சபாக்களின் இலவச மதியக் கச்சேரிகளில், எண் போடாத நாற்காலிகளின் மேல் கைப்பையும் கர்ச்சீப்பும் நிகழ்ச்சிப் புத்தகமும் உட்கார்ந்திருக்கும் காட்சி எங்களுக்குப் பழக்கமானது. கேன்டீனில் ரவா தோசைக்குக் காத்திருக்கும் தோழி எழுந்து போனவள். அவள் நாற்காலி அவளுடையது. மாலைக் கச்சேரிக்கு மாம்பலத்திலிருந்து இன்னும் புறப்படவே புறப்படாத தோழிக்கு நாற்காலி கிடையாது. வந்து போனவருக்கு மட்டும், விலக்காக ஒருவர் ஒருவருக்கு, அதுவும் பாட்டு தொடங்குகிற வரைக்கும் மட்டும். எண் போடாத இடம் எங்கே இருந்தாலும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

விழா நடத்துகிறவர்கள் எங்கள் கோரிக்கைகளில் எதை ஏற்பார்கள், எதை ஏற்க முடியாது என்பது அவர்கள் சிரமம் அறிந்த பிறகே பேச வேண்டியது. இலவசமாக இவ்வளவு பெரிய விழாவை வருடம் தவறாமல் நடத்துவது எத்தனை பேருடைய உழைப்பு என்பதை நாங்கள் மறக்கவில்லை. கேட்டால் வந்து நிற்போம். சுண்ணாம்புக் கோடு போட, வாசலில் அறிவிப்பு எழுத, முதியவர் பகுதியில் கைகொடுத்து உட்கார வைக்க எங்களில் இருபது பேராவது முந்தின நாளே வரத் தயார்.

யாரும் ஏற்காவிட்டாலும் நாங்கள் சில காரியங்களைச் செய்யப்போகிறோம். வரும் ஆராதனையிலிருந்து எங்களில் ஒருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் பிடிக்க மாட்டோம். எங்கள் விரிப்பு எங்கள் உடம்பின் அளவுக்கு மேல் இருக்காது. ஜமக்காளத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டோடு வருவோம். நண்பர் தாமதமாக வந்தால், “பின்னாடி உக்காரு, முடிஞ்சதும் காவிரிப் படித்துறையில பாக்கலாம்” என்று சொல்லிவிடுவோம். புல்லாங்குழல் கேட்டதும் பக்கத்தில் காலி இடம் இருந்தால், நின்றுகொண்டிருப்பவரை நாங்களே கூப்பிட்டு உட்கார வைப்போம்.

எங்களை அடையாளம் காண வழி ஒன்றும் இல்லை. பட்டையும் கொடியும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தச் சாசனத்தில் உடன்படுகிறவர்கள் பஞ்சமியன்று எங்கே உட்கார்ந்தாலும் இதைக் கடைப்பிடியுங்கள். கபிஸ்தலத்து அம்மா, நீங்கள் இதைப் படிக்கிறீர்களோ என்னவோ. படித்தால், இந்த முறையும் முதல் பஸ்ஸிலேயே வாருங்கள். முன்னால் வந்து உட்காருங்கள்; யாரிடமும் கேட்க வேண்டாம்.